ஜாதிக்காய்க் கன்று வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தேங்காய் விலை விழும்போதெல்லாம் பொள்ளாச்சிப் பக்கம் யாராவது ஒருவர் தோப்புக்குள் ஜாதிக்காய் வைக்கக் கிளம்பிவிடுகிறார். நல்லதுதான். ஆனைமலை, கோட்டூர், சேத்துமடை வட்டாரத்து மலையோர ஈரம் அதற்குத் தோதானது. ஆனால் முதலில் வைத்த எங்கள் ஆட்கள் விழுந்த அதே குழியில்தான் புதிதாக வருகிறவர்களும் விழுகிறார்கள். தண்ணீர் விடுங்கள், எரு போடுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. தென்னை வளர்த்தவருக்கு அது தெரியாதா? செய்யக் கூடாத தவறுகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

## வெயிலில் வைப்பது

இது மழைக்காட்டு மரம். சொந்த ஊர் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். அங்கேயே பெரிய கனரி மரங்களின் நிழலில்தான் வளர்க்கிறார்கள். நமக்கு 15 வயது தாண்டிய தென்னந்தோப்பு சரி. இளந்தென்னைக்கு நடுவில் வைத்தால் சித்திரை வெயில் இலையைப் பொசுக்கிவிடும். பொறுக்க முடியாதவர்கள் முதலில் வாழை வைத்து நிழல் கட்டிக்கொண்டு, அப்புறம் கன்றைக் கொண்டுவரட்டும்.

## விதைக் கன்றை 'பெண்' என்று நம்பி வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண்தான். விதையிலிருந்து வந்த கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும். எது எது என்று பூ வரும்வரை தெரியாது. பூ வர ஆறேழு வருடம் ஆகும். கொட்டை உருண்டையாக இருந்தால் பெண், இலை அகலமாக இருந்தால் பெண், நரம்பு இப்படி ஓடினால் பெண் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஒன்றும் நிற்காது.

வேட்டைக்காரன்புதூரில் எனக்கு மாப்பிள்ளை முறை ஆகிற பையன் ஒருவன், "பெண் கன்றுங்க, கேரண்டிங்க" என்று வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடம் தோப்பு முழுக்கவும் வாங்கி வைத்தான். ஒட்டுக் கன்றைவிட விலை குறைவு, அதுதான் காரணம். வருடங்கள் போய் ஒருநாள் கூப்பிட்டான். "ஏனுங்க மாமா, பூ கொத்துக் கொத்தா வருதுங்க. ஒண்ணுகூடப் பிடிக்க மாட்டேங்குதுங்க. என்ன மருந்து அடிக்கலாமுங்க?"

கொத்துக் கொத்தாக என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பெண் மரத்தில் பூ தனியாகவோ, இரண்டு மூன்றாகவோதான் இருக்கும். போய், வெளிறிய மஞ்சளில் மணி மாதிரி இருந்த பூ ஒன்றைப் பறித்து நகத்தால் நீளவாக்கில் கீறிக் காட்டினேன். பெண் பூ என்றால் உள்ளே உருண்டையான சூலகம் இருக்கும். இதில் நடுவே மகரந்தத் தண்டு மட்டும் நின்றது. மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு போனோம். பாதிக்கு மேல் ஆண். அடிக்க ஏது மருந்து?

கன்றுக்குக் கொடுத்த காசு பெரிதில்லை. அத்தனை வருடத்துச் சொட்டுநீர், எரு, ஆள்கூலி, தென்னைக்கு நடுவில் அடைத்த இடம், இதெல்லாம் யார் கணக்கு? விற்றவர் அதற்குள் வேறு கன்றுக்கு மாறியிருப்பார்.

ஆகவே பெண் மரத்துக் குச்சியை ஒட்டிய ஒட்டுக் கன்றுதான். தாய்மரத்தை நேரில் பார்க்க விடும் நாற்றங்காலில் வாங்குங்கள். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'விஸ்வஸ்ரீ' போன்ற ரகங்களைக் கேளுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். மேலே உள்ள ஒட்டு செத்து, கீழ்த் துளிர் மரமானால் மறுபடியும் அதே சூதாட்டம்தான்.

ஏற்கெனவே ஆண் மரங்களோடு மாட்டிக்கொண்டவர்கள் வேரோடு பிடுங்க வேண்டாம். இள மரமாக இருந்தால் தண்டை வெட்டி, புதிதாக வரும் துளிர்களில் பெண் மரத்துக் குச்சியை ஒட்டலாம். மாப்பிள்ளை தோப்பில் அப்படித்தான் மாற்றினோம்.

## எல்லா ஆணையும் வெட்டுவது

பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் வேண்டும். விட்டுவையுங்கள்.

## எந்தக் கிளையில் எடுத்த ஒட்டு என்று கேட்காதது

நேராக மேலே போகும் குருத்தில் எடுத்த ஒட்டு மரமாக நிமிரும். பக்கக் கிளையில் எடுத்தது குடை விரித்துப் புதராகப் படரும். அதுவும் காய்க்கும், பறிக்கக்கூட எளிது. ஆனால் தென்னை வரிசைக்கு நடுவில் வழியை அடைக்கும்.

## அடியில் உழுவது

வேண்டாம். வேர் மேலாகத்தான் ஓடுகிறது.

## காட்டு ஜாதிக்காயைக் கொண்டுவந்து வைப்பது

அது இருவாச்சிப் பறவை தின்பதற்கு. அதன் பத்திரியில், அதாவது கொட்டையைப் போர்த்தியிருக்கும் வலை போன்ற தோலில், வாசம் இல்லை.

## தூக்கத்துக்கு ஒரு கரண்டி பொடி

குருமாவுக்கும் பாலுக்கும் ஒரு சிட்டிகை போதும். 5 கிராம் அளவுக்குப் போனாலே அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற பொருள் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் என்று ஒரு நாள் முழுக்கப் படுத்திவிடலாம்.

## ஈரத்தோடு மூட்டை கட்டுவது

தொலி வெடித்தால்தான் பழுத்த காய். அறுவடையில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையோடு வந்து தொலைக்கிறது. விழுந்ததை அன்றன்றே பொறுக்குங்கள். ஈர மண்ணில் கிடந்தால் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். சிவப்புப் பத்திரியை நுனியிலிருந்து கிழியாமல் உரித்துத் தனியாகக் காயவையுங்கள். முழுப் பத்திரிக்குத்தான் விலை. கொட்டையை உலர்த்தியில் போட்டால் 45 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், உள்ளிருக்கும் கொழுப்பு உருகிவிடும். காய்ந்த கொட்டையைக் காதருகே குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலக்கும். சத்தம் வராததை மறுபடி களத்துக்கு அனுப்புங்கள். வாங்க வரும் வியாபாரி முதலில் செய்வதும் அந்தக் குலுக்கல்தான்.