ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்காதீர்கள்

பெண்களுக்கு எதிரான ஒவ்வொரு கொடுமைக்குப் பிறகும் புதிதாகச் சிலர் தெருவுக்கு வருகிறார்கள். முதன்முறையாகத் தட்டி பிடிக்கும் மாணவிகளைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். காவல்துறை அனுமதி, மைக் செட் பற்றியெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அடையாளத்தை வெளியிடுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. அண்மையில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் சார்ட் பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய தட்டியோடு ஒரு மாணவி நின்றார். பாதிக்கப்பட்ட பெண்ணின் ஊர், பாடப்பிரிவு, எத்தனையாவது ஆண்டு என எல்லாம் அதில் இருந்தது. “பேர் போடலையே அக்கா” என்றார். அந்தச் சின்ன ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போகிற பெண் எத்தனை பேர் இருப்பார்கள்? மடித்து வைக்கச் சொல்வதற்குள் படம் வாட்ஸ்அப்பில் போய்விட்டது.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயர் மட்டுமல்ல, ஆளைத் தெரிந்துகொள்ள உதவும் எந்தத் தகவலை வெளியிட்டாலும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை உண்டு. இறந்துபோன பெண்ணுக்கும் இது பொருந்தும், குடும்பத்தார் சம்மதித்தால் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. 2024 ஆகஸ்டில் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட கொல்கத்தா மருத்துவரின் பெயரும் படமும் ஊரெங்கும் பரவியபோது, அவற்றை நீக்கச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் நியாயம் கேட்டவர்கள்தான்.

பொள்ளாச்சி பாலியல் வழக்கை மறக்க முடியுமா? 2019-ல் காவல் உயரதிகாரியே செய்தியாளர்களிடம் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் சொன்னார், அரசாணையிலும் அது வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். கசிந்ததற்கும் உயர் நீதிமன்றம் அதே தொகையைத்தான் சொன்னது. அதிகாரிகளைக் கண்டித்துத் தெருவில் நிற்கும் நாமே அதைச் செய்யலாமா? ஒருத்தியின் பெயர் வெளியே வந்தால், புகார் கொடுக்க யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொருத்தி வாயை மூடிக்கொள்வாள்.

சரி, தட்டியில் என்ன எழுதலாம்? கோரிக்கையை எழுதுங்கள். புகாரை வாங்க மறுத்தார்களா, விசாரணை இழுக்கிறதா, அதைக் கேளுங்கள். அந்தப் பெண்ணே வெளிப்படையாகப் பேச விரும்பினால் அது அவர் முடிவு. அதை நாம் அவருக்காக எடுக்கக் கூடாது.

தூக்கில் போடு என்ற முழக்கம்

பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி தெரிந்தவன், பல நேரம் உறவுக்காரன். தண்டனை தூக்கு என்றால் வீட்டுக்குள்ளேயே புகாரை அமுக்கிவிடுவார்கள். டெல்லி கொடுமைக்குப் பிறகு சட்டத்தைத் திருத்த யோசனை சொல்ல அமைத்த நீதிபதி வர்மா குழுவும் 2013-ல் பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை.

பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டு வாசலில் கூடுவது

வேண்டவே வேண்டாம்.

ஒரே நாளோடு கலைந்துவிடுவது

பொள்ளாச்சி வழக்கில் 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது 2025 மே மாதத்தில்தான். இடையில் 6 ஆண்டுகள். 8 பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். விசாரணை மூடிய அறைக்குள் நடக்கும்போது வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் அம்மாவோடு உட்கார, பஸ் செலவுக்குக் கொடுக்க, விடுப்பு எடுக்க முடியாத அக்காவுக்குப் பதிலாகத் துணைக்குப் போக ஆள் வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று அவருடைய வக்கீல் மூலம் முதலில் கேளுங்கள். அப்புறம், எந்த வாய்தாவுக்கு யார் போவது என்று எழுதிவைத்துவிட்டுக் கலையுங்கள்.