வெறுங்கண்ணால் கோள் பார்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

வெள்ளிக் கோளைப் பார்க்காதவர் அநேகமாக யாரும் இருக்க முடியாது. சூரியன் மறைந்த பின் மேற்கிலோ, விடியுமுன் கிழக்கிலோ பளிச்சென்று நின்றிருக்கும். நாம்தான் விமானம் என்றோ நட்சத்திரம் என்றோ நினைத்து வேறு பக்கம் திரும்பியிருப்போம். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தையும் காண எந்தக் கருவியும் வேண்டாம். தொலைநோக்கி வந்து நானூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் மனிதர்கள் இவற்றைக் கண்ணால் மட்டுமே பின்தொடர்ந்தார்கள். அப்படியிருந்தும் ஆசையாக வானம் பார்க்கத் தொடங்குகிற பலர் இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள். ஒரே இரவில் எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று நினைப்பதே அதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

முதல் தடுமாற்றம், எது கோள் என்று கண்டுபிடிப்பதில் வருகிறது. 'மின்னினால் நட்சத்திரம், மின்னாவிட்டால் கோள்' என்று கேள்விப்பட்டிருப்போம். இது பெரும்பாலும் சரி. நட்சத்திரம் வெகுதொலைவில் இருப்பதால் வெறும் புள்ளி; அந்த ஒற்றைக் கதிரைக் காற்று அலைக்கழித்துவிடும். கோள் மிகச் சிறிய வட்டம் என்பதால் அதன் ஒளி அவ்வளவாகத் துடிக்காது. ஆனால் அடிவானத்துக்கு அருகில் இந்த விதியை நம்பக் கூடாது. அங்கே பார்வை கடக்க வேண்டிய காற்று பல மடங்கு அதிகம். வெள்ளிகூட நிறம் மாறி மாறித் துடிக்கும். இன்னும் மேலே ஏறும்வரை காத்திருந்து முடிவு செய்யுங்கள். மறையப்போகிற கோளாக இருந்தால் மறுநாள் சற்று முன்னதாகவே பாருங்கள்.

இதைவிட நம்பகமானது பாதை. சூரியனும் நிலாவும் வானில் எந்த வழியாகப் போகின்றனவோ, கோள்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகும். துருவ நட்சத்திரத்தின் பக்கத்தில் எவ்வளவு பிரகாசமாக ஒன்று தெரிந்தாலும் அது கோள் அல்ல. 'கோள்கள் எல்லாம் இன்று ஒரே வரிசையில்' என்று செய்தி வரும்போது ஏமாறுவதும் இதை மறப்பதால்தான். அவை எப்போதும் அந்த ஒரே வளைவில்தான் இருக்கின்றன. ஒரே இரவில் பல தெரிவதுதான் அன்றைய சிறப்பு.

அப்புறம் நேரம். வெள்ளி சூரியனிடமிருந்து அதிகபட்சம் சுமார் 47 பாகைதான் (டிகிரி) விலகும், புதன் 28 பாகை. ஆகவே நள்ளிரவில் தலைக்கு மேலே ஜொலிப்பது ஒருபோதும் வெள்ளி ஆகாது. பெரும்பாலும் வியாழனாக இருக்கும். நீலவெள்ளையாகத் துடித்தால் சிரியஸ் நட்சத்திரமாக இருக்கலாம்.

இவ்வளவு தெரிந்தும் தவறு நடக்கும். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை என நான்கு பிரகாசமான நட்சத்திரங்கள் இதே பாதையை ஒட்டி இருக்கின்றன. கேட்டையின் செம்மஞ்சள் நிறம் செவ்வாயை அப்படியே ஒத்திருக்கும். அதன் கிரேக்கப் பெயரான அண்டாரிஸ் என்பதற்கே 'செவ்வாய்க்குப் போட்டி' என்று பொருள் சொல்வார்கள். நானும் கேட்டையைச் செவ்வாய் என்று நம்பிப் பல நாள் குறித்து வைத்தேன். பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து வரைந்ததால்தான் உண்மை தெரிந்தது: இரண்டு வாரம் கழித்தும் அது இடம் மாறவில்லை.

அதனால்தான் ஒரு நாள் பார்வை போதாது என்கிறேன். ஒரு நோட்டில் தேதி, நேரம், அருகிலுள்ள மூன்று நான்கு நட்சத்திரங்கள், நடுவே கோள் என்று வரைந்தால் போதும். செவ்வாய் சில நாட்களிலேயே நகர்ந்திருக்கும். வியாழன் ஓர் ஆண்டில் சுமார் 30 பாகை, சனி 12 பாகை. ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமி செவ்வாயை முந்திச் செல்லும்போது, செவ்வாய் இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். எந்தக் கருவியும் இல்லாமல் நீங்களே வரைந்த படத்தில் அந்த வளைவு உருவாவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

நகர வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்று ஒதுங்குவதும் தவறு. இந்த ஐந்துக்கும் நிலாவுக்கும் கும்மிருட்டு தேவையில்லை. மங்கலான நட்சத்திரங்களோடு சேர்த்துப் பார்க்கத்தான் கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் போன் திரையைப் பார்த்தால் அது வீணாகிவிடும்.

எதிர்பார்ப்பும் அளவாக இருக்கட்டும். சனியின் வளையம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. செவ்வாய் முழுநிலா அளவு தெரியப்போகிறது என்ற வதந்தி, அது பூமிக்கு மிக அருகில் வந்த 2003 ஆகஸ்டுக்குப் பிறகு மீண்டும் மீண்டும் வருகிறது. அந்த நெருக்கத்திலும் செவ்வாய் வெறும் ஒளிப்புள்ளியாகத்தான் தெரிந்தது. எழும் நிலா பெரிதாகத் தெரிவதும் மனம் செய்கிற வேலை. கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டுங்கள். அடிவானத்திலும் உச்சியிலும் நிலா அந்த விரலின் அகலத்தில் பாதிதான் இருக்கும்.

நிலாவைப் பௌர்ணமியன்று மட்டும் பார்ப்பவர்கள் நிறைய இழக்கிறார்கள். அன்று நன்றாக இருட்டிய பின் கண் கூசும். கருந்திட்டுகளைக் காண, அந்தி வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள். மூன்றாம் பிறையில் இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் மெல்லத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி அது.

ஒரே ஒரு தவறுக்குத்தான் மருந்து இல்லை: புதனைத் தேடுகிறேன் என்று சூரியன் இருக்கும்போதே அந்தப் பக்கம் பார்ப்பது. விழித்திரைக்கு வலி தெரியாது. சேதம் ஆன பிறகே பார்வை குறைவது புரியும். மாலையில் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே தேடத் தொடங்குங்கள், காலையில் அது எழுமுன் நிறுத்திவிடுங்கள். சந்திர கிரகணத்துக்கு இந்தப் பயம் வேண்டாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நிலா நட்சத்திரங்களுக்கிடையே கிழக்கு நோக்கி மணிக்கு ஏறக்குறைய தன் அகலம் அளவுக்கு நகர்கிறது. வளர்பிறையில் அதன் கிழக்கே நெருக்கமாக ஒரு நட்சத்திரம் இருந்தால் குறித்துவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், இடைவெளி குறைந்திருக்கும். நான் சொன்ன அந்த நான்கு நட்சத்திரங்களையும் சில ஆண்டுகளில் நிலா மறைத்தே விடும். நிலாவில் காற்று இல்லாததால், இருண்ட விளிம்பைத் தொட்டதும் நட்சத்திரம் மங்காமல், துடிக்காமல், சட்டென்று அணைந்துபோகும்.