லட்லோ போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லையோரம் இருக்கும் பழைய சந்தை ஊர் லட்லோ. குடை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. முதல்முறை வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

சந்தை இல்லாத நாளில் போவது

திங்கள், புதன், வெள்ளி, சனி: இவைதான் வழக்கமான சந்தை நாட்கள். செவ்வாயன்று போனால் வெறும் சதுக்கம்தான் மிஞ்சும். இப்படி ஊருக்கு ஊர் நாள் குறித்து வைப்பதற்குப் பின்னால் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாள் பயணம் 20 மைல். போக, விற்க, திரும்ப என்று அதை மூன்றாக வகுத்தால் ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு. அந்த எல்லைக்குள் அதே நாளில் இன்னொரு சந்தை முளைத்தால் ஏற்கனவே உள்ளதற்குத் தொல்லை என்றது 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று.

கறுப்பு வெள்ளை பழசு, செங்கல் புதுசு என்று நினைப்பது

பார்க்கப் பார்க்க எரிச்சலூட்டும் தவறு இது. ஃபெதர்ஸ் ஹோட்டலின் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமான 1619ஆம் ஆண்டு முகப்பின் முன் இருபது படம் எடுப்பார்கள். செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் பிராட் தெருவுக்கு வந்ததும் 'இதெல்லாம் பிற்காலத்து வீடு' என்று வேகமாக நடந்துவிடுவார்கள். ஊரின் பாதி வரலாறு அங்கேயே கைநழுவிப் போகும்.

வேல்ஸையும் அதன் எல்லைப்பகுதியையும் ஆண்டு, வழக்குகளையும் விசாரித்த ஆட்சிமன்றம் லட்லோ கோட்டையில் இருந்து இயங்கியது. 1689இல் அதைக் கலைத்தார்கள். வழக்கறிஞர் கூட்டம் போனது. அடுத்த நூற்றாண்டில் பண்ணையார் குடும்பங்கள் ஊருக்குள் வீடு வைத்துக்கொண்டன. பழைய மரச்சட்ட வீட்டை இடித்துக் கட்டுவதைவிட, தெருப்பக்கம் மட்டும் செங்கல் சுவர் எழுப்புவது மலிவு. அந்தக்கால நாகரிகமும் அதுதான். அப்படிச் சட்டை மாற்றிக்கொண்ட வீடுகள் இந்தத் தெருவில் பல.

கண்டுபிடிக்க எதிர்ச்சாரியில் நின்று முதலில் கூரையைப் பாருங்கள். நேர்க்கோடாக முடியும் முகப்புச் சுவருக்குப் பின்னால் செங்குத்தான ஓட்டுக்கூரை எட்டிப் பார்த்தால் சந்தேகப்படலாம். பிறகு பக்கத்துச் சந்துக்குள் நாலு அடி வையுங்கள். செங்கல் முடிந்து, கோணலான மரச்சட்டம் தொடங்கும் இடம் கண்ணில் படும். முன்பக்கம் ஒரு வயசு, விலாப்பக்கம் இன்னொரு வயசு.

தெருவின் கீழ்க்கோடியில் பிராட்கேட். இடைக்கால மதில்வாசலின் தலைமேலேயே பின்னாளில் வீடு கட்டிவிட்டார்கள்.

சதுக்கத்தின் அளவை நம்புவது

ஆதியில் சந்தை கோட்டை வாசலிலிருந்து கிழக்கே நீண்டு கிடந்தது. கடைக்காரர்கள் கூடாரத்தை மெல்ல மெல்லக் கட்டடமாக்கிக்கொண்டார்கள். இன்று பட்டர்கிராஸ் என்ற பழைய சந்தைக் கட்டடத்தின் பக்கம் தெரியும் ஒடுக்கமான தெருக்கள் அந்த ஆக்கிரமிப்பின் மிச்சம்.

காரில் கோட்டை வாசல்வரை போவது

வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான்.

இளவரசர் ஆர்தரின் கல்லறையைத் தேடுவது

ஏழாம் ஹென்றி மன்னரின் மூத்த மகனான அவர் 1502இல் இறந்தது இந்தக் கோட்டையில். கல்லறை வூஸ்டர் பேராலயத்தில்.

தேவாலயத்தைக் கடைசிக்கு விடுவது

கோட்டையிலேயே நாளைத் தீர்த்துவிட்டு, செயின்ட் லாரன்ஸ் கோபுரத்தின் 200 படிகளுக்கு முன்னால் மூச்சு வாங்குவார்கள். ஏற முடியாவிட்டால் போகட்டும், பாடகர் இருக்கைகளை விடாதீர்கள். மடக்குப் பலகையைத் தூக்கி வைத்தால் அடியில் மரச்சிற்பம், மொத்தம் 28. அதில் ஒன்றில் பீர் விற்பவள் ஒருத்தியைப் பேய் தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிப் போகிறது. இன்னொரு பேய் பைக்குழல் ஊதி வரவேற்கிறது. அளவில் ஏமாற்றிய குவளையை அவள் இன்னும் கையிலேயே பிடித்திருக்கிறாள்.