ஆனையிறவில் இறங்கிப் பாருங்கள்

யாழ்ப்பாணம் போகிற வானுக்குள் பாதிப் பேர் நித்திரையாக இருக்கும்போதே ஆனையிறவு கடந்துவிடும். பரந்தன் சந்தி தாண்டியதும் ஆட்களை எழுப்பிவிடுங்கள். இரு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் ஏ9 வீதியும் தண்டவாளமும். வன்னியைக் குடாநாட்டோடு தொடுக்கும் ஒடுங்கிய நிலம் இது. வன்னியில் பிடித்த யானைகளை இவ்வழியால் நடத்திக்கொண்டுபோய், ஒல்லாந்தர் காலத்தில் ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். ஊரின் பெயரில் யானை இருப்பது அதனால்தான். ஒல்லாந்தர் இங்கே ஒரு சிறு கோட்டையும் வைத்திருந்தார்கள். இந்த வாசலைப் பிடித்தவன் கையில் குடாநாடு என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பின்னாளில் வந்த இராணுவ முகாமின் கதைக்குள் போக, ஒன்றைக் கவனித்தால் போதும்: சுற்றிவர உப்புத்தண்ணீர். குடிநீர் வடக்கே இயக்கச்சிக் கிணறுகளில் இருந்துதான் வரவேண்டும். 1991 ஜூலையில் புலிகள் முகாமை முற்றுகையிட்டபோது உதவிக்குப் போகத் தரைவழி இல்லை. வெற்றிலைக்கேணிக் கடற்கரையில் இறங்கிய இராணுவ மீட்புப் படை அங்கிருந்து சண்டையிட்டு நெருங்க இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது. முகாம் தப்பியது. 2000 மார்ச்சில் புலிகள் வடமராட்சி கிழக்குக் கடற்கரையிலுள்ள குடாரப்பில் தரையிறங்கி, முகாமுக்கு வடக்கே இத்தாவிலில் ஏ9 வீதியை மறித்தார்கள். அப்புறம் இயக்கச்சியும் கைமாறியது. குடிக்கத் தண்ணீர் இல்லாத வெளியில் இருந்து படை பின்வாங்க, ஏப்ரல் 22 அன்று ஆனையிறவு புலிகள் வசமானது. 2009 ஜனவரியில் இராணுவம் திரும்பப் பிடித்தது.

வீதியோரத்தில் ஒரு கவச புல்டோசர் நிற்கும். 1991 இல் முகாமை உடைக்கப் புலிகள் ஓட்டிவந்தது. அதைத் தடுத்து இறந்த சிப்பாய் காமினி குலரத்னவுக்கு அங்கே நினைவிடம் உண்டு. சற்றுத் தள்ளி இராணுவத்தின் பெரிய வெற்றிச் சின்னம். சண்டையின் மற்றப் பக்கத்தில் விழுந்த பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. கூட வரும் அம்மாவோ பெரியப்பாவோ வானை விட்டு இறங்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

காலை ஒன்பது மணிக்கு முன்னரோ பின்னேரமோ போவது நல்லது. ஒதுங்க நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பஸ்ஸில் வருவதானால் யாழ்ப்பாணம்–கிளிநொச்சி பஸ் ஏறி, இறங்குமிடத்தை நடத்துநரிடம் முதலே சொல்லிவையுங்கள். இராணுவக் காவலரணைப் படம் எடுக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் ட்ரோன் விடவே வேண்டாம். வடக்கே முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால், மூத்திரம் பெய்யக்கூட வீதியை விட்டு இறங்காதீர்கள். அது கண்ணிவெடி எச்சரிக்கை.

அரை மணித்தியாலம் போதும். திரும்ப ஏறி வடக்கே போனால் இயக்கச்சியில் தென்னைகள் தொடங்கும். அங்கே இளநீர் குடிக்க நிறுத்துங்கள். முகாமுக்குக் குடிநீர் கொடுத்த ஊர் இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.