இழுவைப் புல்தரைக் கருவிகள்: புஷ் போடுவதா, பேரிங் போடுவதா?

லான் டிராக்டருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர், ரோலர், மண்ணில் துளையிடும் ஏரேட்டர், உரம் தூவும் ஸ்ப்ரெடர் போன்றவற்றில் பெரும்பாலும் முதலில் தேய்வது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்தான். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும், ஆக்சில் (அச்சுக் கம்பி) நுழையும் குழாய் வடிவப் புஷ்ஷின் துளை நீள்வட்டமாகியிருக்கும். உடனே உருளும் குண்டுகள் உள்ள பேரிங் போட்டுவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். பல கருவிகளுக்கு நல்ல புஷ்ஷே போதும். சிலவற்றில் பேரிங் போட்டால் சீக்கிரமே கெட்டுப்போகும்.

படி 1: எது சுற்றுகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான டிரெய்லர்களில் ஆக்சில் அசையாமல் நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். அங்கே புஷ்ஷோ பேரிங்கோ ஹப்புக்குள் உட்காரும். ஸ்ப்ரெடரில் ஆக்சிலே சுற்றித்தான் உரம் தூவும் தட்டை ஓட்டும், அதனால் புஷ் சட்டத்தில் இருக்கும். எங்கே மாற்ற வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: வேகத்தையும் சுமையையும் கணக்கிடுங்கள்

40 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 1.26 மீட்டர் போகும். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் இழுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சுற்று. பால் பேரிங்குகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்காகச் செய்யப்பட்டவை. ஆக, வேகத்தைக் காரணம் காட்டிப் பேரிங் வாங்கத் தேவையில்லை.

சுமைக்கு வருவோம். 20 மி.மீ. துளையும் 30 மி.மீ. நீளமும் உள்ள ஒரு வெண்கலப் புஷ் 100 கிலோ தாங்குகிறது என்று வையுங்கள். 100 கிலோ என்பது ஏறக்குறைய 1000 நியூட்டன். அதை 20 × 30 = 600 சதுர மி.மீ.யால் வகுத்தால், சதுர மி.மீ.க்கு 1.7 நியூட்டன் அழுத்தம் வரும். 80 சுற்றில் ஆக்சிலின் மேல் உரசும் வேகம் நொடிக்கு 0.08 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.14. எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷுக்கு இந்தப் பெருக்கலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு 1.75. அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கை உங்கள் கருவிக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நைலான் புஷ் வேறு கதை. லேசான கருவிக்கு நல்லது, துருவே பிடிக்காது. ஆனால் கனமான சுமை நாள்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தினால் மெல்ல நசுங்கிவிடும். தண்ணீர் நிரப்பிய ரோலருக்கு அதைப் போடாதீர்கள்.

படி 3: தூசியும் ஈரமும்

முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். பேரிங்கின் குண்டுகளும் அவை ஓடும் தடமும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் உள்ளே போய், கருவி சில மாதம் சும்மா நின்றால் தடத்தில் துருப்புள்ளி விழும். அதற்கப்புறம் கையால் சுற்றினாலே கரகரக்கும். புஷ்ஷில் மண் புகுந்தால் தேய்மானம் கூடும், ஆனால் சட்டென்று இறுகி நிற்பது அரிது.

ஸ்ப்ரெடருக்கு என் பரிந்துரை பிளாஸ்டிக் புஷ்தான். உரத்தின் உப்பு எஃகை அரித்துவிடும். கனமான சுமையோடு நெடுந்தூரம் ஓடும் டிரெய்லருக்கும், கையால் இழுக்கும் வண்டிக்கும் பேரிங் நல்லது. கையால் இழுக்கும்போது உராய்வு குறைவது உடனே தெரியும். டிராக்டருக்கு அது பொருட்டே இல்லை. வாங்கும்போது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள், எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்கும். பிரஷர் வாஷரை அதன் மேல் நேராக அடிக்காதீர்கள், சீலைத் தாண்டித் தண்ணீர் போய்விடும்.

படி 4: அளவெடுங்கள்

வெர்னியர் காலிப்பரால் ஆக்சிலைத் தேயாத இடத்திலும் தேய்ந்த இடத்திலும் அளந்து பாருங்கள். ஆக்சிலே தேய்ந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் ஆட்டம் போகாது. பல கருவிகளின் ஆக்சில் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. கடையில் எளிதில் கிடைக்கும் 6204 என்ற எண்ணுள்ள பேரிங்கின் துளையோ 20 மி.மீ. கையில் பிடித்தால் பொருந்துவதுபோல் இருக்கும், ஓட்டினால் ஆடும். அங்குல அளவுத் துளையுள்ள பேரிங்தான் வேண்டும்.

படி 5: மாட்டுங்கள்

ஹப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும் அழுத்தி இறக்குங்கள். உள்வளையத்தில் சுத்தியலால் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும். ஆக்சில் முனையில் காட்டர் பின் (சக்கரம் கழலாமல் துளையில் செருகி வளைக்கும் கம்பி) இருந்தால் சிக்கல் இல்லை. நட்டு போட்டு இறுக்குவதென்றால் இரண்டு பக்கப் பேரிங்குகளின் உள்வளையங்களுக்கும் நடுவே சரியான நீளத்தில் ஒரு குழாய்த்துண்டு அவசியம், இல்லாவிட்டால் பேரிங்குகள் உள்நோக்கி நெரிபடும்.

புஷ் என்றால் விளிம்புள்ளதாக வாங்குங்கள். திரும்பும்போது வரும் பக்கவாட்டுத் தள்ளலை அந்த விளிம்பு ஏற்கும். எண்ணெய் ஊறிய வெண்கலத்துக்கு எண்ணெய் மட்டும் விடுங்கள், கிரீஸ் அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். ஹப்பில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் முனை) இருந்து, உள்ளே சாதாரண கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ் என்றால், பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் செலுத்துங்கள்.