ஊர் வீட்டுக் கொமட்டுக்குள் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் சூட்கேசுக்குள் வெற் வைப்ஸ் பக்கற்றுகளை அடுக்குவது வழமை. கொண்டுபோங்கள், பிள்ளைகளுக்குத் தேவைதான். ஆனால் ஒன்றைக்கூடக் கொமட்டுக்குள் போடாதீர்கள், போடலாம் என்று பக்கற்றிலேயே எழுதியிருந்தாலும் சரி. நிலத்தடியில் ஆள் நடக்கக்கூடிய சாக்கடைகள் உள்ள லண்டனிலேயே, 2017இல் வைட்சப்பல் பகுதியில் வைப்சும் கொழுப்பும் சேர்ந்து 250 மீற்றர் நீளத்துக்கு இறுகி அடைத்துக்கொண்டன. எடை 130 தொன் என்றார்கள். ஊர் வீட்டிலோ ஒரு ஒடுங்கிய குழாய், வளவுக்குள் ஒரு குழி, அவ்வளவுதான்.

அந்தக் குழியை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். நீங்கள் பிளஷ் பண்ணுவது எங்கேயும் போவதில்லை. திண்மம் குழியின் அடியில் படிகிறது, தண்ணீர் நிலத்துக்குள் ஊறுகிறது. குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். ஊறுகிற தண்ணீர் சரியாக வடிபடாமலே இறங்கிவிடும். கிணறும் அதே வளவில்தான். பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற கரைந்த உப்பு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. தோட்டத்து உரம் ஒரு காரணம், மலக்குழி இன்னொன்று. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீர் வாங்குங்கள்.

இதனால்தான் மிஞ்சிய மருந்துகளையும் கொமட்டில் கொட்டக்கூடாது. சமைத்த எண்ணெய், கறி மிச்சம், தலைமயிர், பஞ்சு எதுவும் வேண்டாம். பாத்ரூம் மணக்கிறது என்று புளீச்சைப் போத்தல் கணக்கில் ஊற்றினால், குழிக்குள் கழிவை உக்கவைக்கும் பற்றீரியாவும் செத்துப்போகும். அமிலக் கிளீனரையும் புளீச்சையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அது ஆபத்து.

ரொய்லெற் பேப்பர்? புதுக் கொமட்டில் கொஞ்சமாகப் போடலாம். வாளியால் ஊற்றுகிற குந்து மலசலகூடத்தில் வேண்டாம். தண்ணீரால் கழுவிவிட்டுத் துடைக்க மட்டும் பாவித்து குப்பை வாளியில் போடுங்கள். கிச்சின் பேப்பர் எங்குமே கரையாது.

மாதவிடாய்ப் பாட், பிள்ளைகளின் பம்பஸ் இரண்டும் தண்ணீரை உறிஞ்சி கொமட்டின் வளைவுக்குள் ஊதி நிற்கும். மாமி வீட்டில் குப்பை வாளி கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் உள்ளே போட்டுவிடுகிறார்கள். போன அன்றே மூடியுள்ள வாளி ஒன்றை வாங்கி பாத்ரூமில் வைத்துவிடுங்கள். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கரண்ட் இல்லாவிட்டால் மோட்டர் ஓடாது, தாங்கியும் நிரம்பாது. அப்போது அரை வாளி தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள், போய்விடும். கோப்பை கோப்பையாக ஊற்றினால் தண்ணீர்தான் வீண். மார்கழி விடுமுறையில் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மாரி மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்து குழி உறிஞ்சாது, கொமட்டில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கும். அது அடைப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

குழி நிரம்பிவிட்டால் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ கழிவை உறிஞ்சி ஏற்றும் பவுசர் கேளுங்கள். கூலிக்கு யாரையும் உள்ளே இறக்க வேண்டாம். குழி வாயு ஆளைக் கொன்றுவிடும். பவுசர் வந்தாலும் குழியின் மூடி எங்கே என்று தெரிய வேண்டும். வெளிநாட்டுக் காசில் முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்த வீடுகளில் அதுவும் கல்லுக்கடியில் போய்விடுகிறது. வேலை நடக்கிற வீடென்றால் மூடியை விட்டுப் பதிக்கச் சொல்லி மேசனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.