அம்மப்பாவின் டொக்யாட் வேலையைக் காப்பகத்தில் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருகோணமலைத் தொழிலாளர் வரலாற்றை எழுதப்போகிறேன் என்று கிளம்புகிற பிள்ளைகள் முதலில் செய்வது, ஏதாவதொரு பல்கலைக்கழகக் காப்பகத்தின் தேடுபெட்டியில் ஊர்ப்பெயரையும் 'தொழிலாளர்' என்ற சொல்லையும் அடிப்பது. நாலைந்து தலைப்புகள் வரும், அதுவும் துறைமுகத்தின் ஆழம், கோட்டை, பீரங்கி. உடனே எனக்கு 'ஒண்டுமே இல்லை அண்ணா' என்று ஒரு வாட்ஸ்அப். இருக்கிறது. கூலிக்காரர் பெயரில் அந்தக் காலத்தில் யாரும் கோப்புத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் பெயரில்தான் திறந்தார்கள். ஆகவே எதைத் தேடுவதற்கு முன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: இவருக்குக் காசு கொடுத்தது யார்?

டொக்யாட்டை, அதாவது கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து ஊரைப் பிடித்தது 1795இல், கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957 ஒக்டோபரில். நடுவில் அங்கே சம்பளம் கொடுத்தது இலண்டனில் இருந்த கடற்படைத் தலைமை. அதனால் அந்தக் கடதாசிகளைத் தேட வேண்டிய இடம் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், அதிலும் 'ஏடிஎம்' (ADM, கடற்படைத் தலைமையின் கோப்புகள்) என்று தொடங்கும் வரிசை. ஆளுநர் எழுதிய கடிதங்கள் அதே கட்டிடத்தில் 'சிஓ 54' (CO 54, குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் இலங்கைக் கோப்புகள்) என்ற வரிசையில். தளம் கைமாறியபோது வேலைக்காரரின் கதி என்ன என்று பார்க்க பிரித்தானியா, இலங்கை என்று இரண்டு நாட்டு ஹன்சாட்டையும் (நாடாளுமன்றப் பேச்சுப் பதிவு) புரட்டுங்கள், ஒன்றை மட்டும் பார்த்தால் ஒரு பக்கத்துக் குரல்தான் கேட்கும்.

ரோட்டு வேலை, குளத்து வேலை என்றால் அது கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) விஷயம், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கிழக்கு மாகாண அரசாங்க அதிபர் இருந்தது மட்டக்களப்பில், நமக்கு உதவி அதிபர்தான். எனவே திருகோணமலை என்று எழுதிய கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டு வந்தால் மட்டக்களப்புக்குப் போன கடிதங்கள் அத்தனையும் விடுபட்டுப்போகும். கரையில் நின்று வலை இழுத்து மீன் பிடிக்கும் கரைவலைக்காரர் கதை இன்னும் சிக்கல். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான், அதனால் சம்பளப் பட்டியலும் கிடையாது. பாடு (வலை போடும் கரைத்துண்டு) யாருக்கு என்று சண்டை வந்து கச்சேரிக்கோ கோட்டுக்கோ போன அன்றைக்குத்தான் அவர்கள் பெயர் கடதாசியில் ஏறும். அமைதியாக வலை இழுத்த வருஷங்களுக்குச் சாட்சி இல்லை, அதை வைத்து 'இங்கே எப்போதும் சண்டைதான்' என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, பல்கலைக்கழகங்களில் என்னதான் இருக்கிறது? மெதடிஸ்த மிஷன் 1814இல் இலங்கைக்கு வந்தது, அவர்களுடைய கடிதங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் றோயல் கொமன்வெல்த் சங்கத்தின் பழைய படங்கள். மிஷன் கடிதங்களை வாசிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம், அவை சீமையில் காசு சேர்ப்பதற்காகவும் எழுதப்பட்டவை. ஊர்ச்சனம் எவ்வளவு இருட்டில் கிடந்ததாகக் காட்டுகிறார்களோ அவ்வளவுக்கு உண்டியல் நிறையும். நம் பக்கத்திலும் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் அச்சேறாத மாணவர் ஆய்வேடுகள் உண்டு. அவற்றைக் கேட்பவர்கள் குறைவு. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

எழுத்துப் பிழை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ட்ரிங்கமலி, ட்ரிங்கோனமலி என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள், கடைசி எழுத்துகளும் மாறும். எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' தளத்திலும் திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை மூன்றையும்.

சொற்கள்தான் பெரிய வில்லங்கம். பழைய ஆங்கிலக் கோப்புகளில் தமிழரை 'மலபார்' என்பார்கள், அதைக் கேரளத்தார் என்று எடுத்துக்கொண்டு ஒரு முழு அத்தியாயம் எழுதிய பிள்ளையை எனக்குத் தெரியும். டொக்யாட்டில் மலையாளிகளும் வேலை செய்தார்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. குடிசன மதிப்பீட்டிலும் 1911இல்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று வேறாக்கினார்கள். 1901ஐயும் 1911ஐயும் பக்கத்தில் வைத்து 'பத்து வருஷத்தில் திடீரென வந்த கூட்டம்' என்று சொன்னால், வந்தது கூட்டமல்ல, அட்டவணையில் ஒரு புதுக்கோடு.

என் சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாசிப்பறையில் இரண்டு நாள் உட்கார்ந்து கொப்பி நிறைய எழுதினேன், கோப்பு எண்ணைக் குறிக்கவில்லை. அடுத்த வருஷம் போய் 'அந்தப் பழுப்பு அட்டை போட்ட தடித்த கட்டு' என்று கேட்டேன். அங்கே இருந்த அம்மா சிரிக்கவில்லை, அலமாரிகளைத் திரும்பிப் பார்த்தார். எல்லாமே பழுப்பு அட்டைதான்.

இவ்வளவு தூரம் போகுமுன் வீட்டைப் பாருங்கள். பழைய பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் தொழில் இருக்கும், விவாகப் பதிவிலும் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மப்பாவின் வேலைச் சான்றுத் துண்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் துருப்பிடித்த குண்டூசியோடு கிடந்தது. பழுதாகிவிடும் என்று மாமா அதைக் கொண்டுபோய் லாமினேட் செய்துவிட்டார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த எண் சூட்டில் பளபளத்து, பாதி மங்கிவிட்டது. முதல் இலக்கம் 3ஆ 8ஆ என்று அவரும் நானும் இன்னும் வாக்குவாதப்படுகிறோம்.